நான்கு விரல் கூலியாள்

மூன்றாம் மாதம், நான்காம் நாள்

காலையில் நியே கடையில் கொழுக்கட்டை. பிறகு அச்சுக்கூடம்.

பழைய மேற்பார்வையாளரின் தாயார் இறந்துவிட்டார். துக்கம் காக்க அவர் ஊருக்குப் போய்விட்டார். இருபத்தேழு மாதம் திரும்பமாட்டார். அவர் இடத்தில் ஷாங்குவான் என்று ஒருவன் வந்து உட்கார்ந்திருக்கிறான். தேர்வில் தேறியவனாம். தண்ணீர் கேட்பதற்கும் ஒரு கவிதை வரி சொல்கிறான். நாங்கள் அடிக்கும் பணத்தாளை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தான். செங்து நகரம் இரும்புக் காசை மாட்டுவண்டியில் ஏற்றித் திரியாமல் இருப்பதே இந்தத் தாளால்தான். துரைக்கு நாறுகிறதாம்.

ஏழாம் நாள்

மகாபுத்திசாலி இன்று என் அச்சுப் பலகையில் பிழை கண்டுபிடித்துவிட்டான்.

தாளின் அடியில் தானியக் கிடங்குப் படம் வரும். மூட்டை தூக்கும் மூன்று கூலியாட்கள். மூன்றாமவனின் இடக்காலில் நான்கே விரல்கள். வேண்டுமென்றே நான் செதுக்கியது. சிவப்பு மை, கறுப்பு மை, ஆறு முத்திரைகள் எல்லாவற்றையும் கள்ள அச்சுக்காரன் பார்த்துச் செய்துவிடுவான். ஆனால் கால் என்று வந்தால் கை தானாக ஐந்து விரல் வைக்கும். ஐந்து இருந்தால் கள்ளத்தாள். இது தெரிந்தவர்கள் மூன்றே பேர்: மேற்பார்வையாளர், நான், வடக்கு வாசலில் தாளைச் சரிபார்ப்பவன். அந்தச் சரிபார்ப்பவனும் நானும் சந்திக்கவே கூடாது என்பது விதி. பழையவர் போன அவசரத்தில் இவனிடம் சொல்லவில்லை போலிருக்கிறது.

எல்லார் முன்னாலும் கேட்டான். "ஏம்பா மாவ், மனுஷனுக்குக் கால்ல எத்தனை விரல்னு உனக்கு யாரும் சொல்லித் தரலையா?"

கூடமே சிரித்தது. மேற்பார்வையாளரிடம் ரகசியத்தைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "திருத்திடறேங்க" என்றேன்.

ஒன்பதாம் நாள்

விரலிருந்த இடத்தைத் தோண்டி, பேரிக்காய் மரத்துண்டு வைத்து அடைத்து, ஐந்து விரல் செதுக்கினேன். அழகான கால். ஷாங்குவான் தட்டிக்கொடுத்தான். முதல் கட்டில் ஒரு தாளாவது யாரோ சந்தேகப்பட்டு வடக்கு வாசலுக்குப் போகட்டும். சர்க்காரே கள்ளத்தாள் அடித்ததென்று ஊர் சிரிக்கும்போது எந்தக் கவிதை சொல்கிறான் பார்ப்போம்.

நான்காம் மாதம், இருபதாம் நாள்

புதுத்தாள் இன்று வெளியே போயிற்று. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

இருபத்திரண்டாம் நாள்

கொழுக்கட்டைக் கடை மூடியிருக்கிறது. நியேயைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களாம். யாரோ கொடுத்த புதுத்தாளை எடுத்துக்கொண்டு மாவு மூட்டை வாங்கப் போயிருக்கிறாள். மாவுக்கடைக்காரன் சந்தேகப்பட்டு வடக்கு வாசலுக்கு அனுப்பினான். கள்ளத்தாள் என்று சொல்லிவிட்டார்கள்.

அடித்தது யார் என்று அவளைக் கேட்கிறார்களாம். அவள் என்ன சொல்வாள்? அடித்தது நாங்கள்.

கள்ளத்தாளுக்குத் தண்டனை தலை.

இருபத்து மூன்றாம் நாள்

பெரிய வியாபாரி எவனாவது மாட்டுவான், சத்தம் போடுவான், விஷயம் வெளியே வரும்னுதானே நெனச்சேன். இவ ஏன்டா போய் மாட்டணும்? இப்ப ஷாங்குவான்கிட்ட சொன்னா, ஏன் முன்னாடி சொல்லலைன்னு கேப்பானே. நாளைக்குச் சொல்லலாம்.

இருபத்து நான்காம் நாள்

சொல்லவில்லை.

இருபத்தேழாம் நாள்

நியேயின் கைவிரல்களுக்கு நடுவே குச்சி வைத்து நெருக்கினார்களாம். சந்தையில் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். கேட்டுவிட்டு நேராக ஷாங்குவானிடம் போனேன். கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

கத்துவான், பழியை என் தலையில் போடுவான் என்று காத்திருந்தேன். அவன் முகம் வெளுத்துப் போயிற்று. ஒன்றுதான் கேட்டான். "நான் திருத்தச் சொன்னப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியுங்க."

தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு, பல்லக்குக்குக்கூடக் காத்திராமல், ஆளுநர் மாளிகைக்கு நடந்தே போனான்.

இருபத்தெட்டாம் நாள்

நியேயை விட்டுவிட்டார்கள். கட்டளை தன்னுடையது, அறியாமையும் தன்னுடையது என்று ஷாங்குவான் எழுதிக் கொடுத்திருக்கிறார். தெற்கே காய்ச்சல் பரவிய நாட்டுக்கு அவருக்கு மாற்றல். என் பெயர் அந்தக் கடிதத்தில் எங்கேயும் இல்லை. பெயரைப் போட்டிருந்தால் அவரைத் திட்டவாவது எனக்கு ஒரு சாக்கு கிடைத்திருக்கும்.

ஆறாம் மாதம், இரண்டாம் நாள்

கடை திறந்துவிட்டது. நியேயின் விரல்கள் இன்னும் வீங்கித்தான் இருக்கின்றன. கொழுக்கட்டையின் ஓரத்தை அவள் தங்கை மடிக்கிறாள். என்னைப் பார்த்ததும் நியே சிரித்தாள்.

"உக்காருங்கண்ணே. யாரோ படிச்ச அதிகாரி பண்ணின தப்பாம். அவங்களுக்கெல்லாம் அறிவு அவ்வளவுதான், இல்லே?"

இத்தனை வருஷமாக அவளிடம் நான் சொல்லிவந்த பேச்சுதான். ஆமாம் என்று தலையாட்டினால் போதும். பாதிக் கிண்ணம் சாப்பிட்ட பிறகு, அது தப்பென்று எனக்கு முன்பே தெரியும் என்றேன்.

"நான் உள்ள இருந்தப்பவுமா?"

"அஞ்சு நாள்."

அவள் வீங்கிய கைகள் இரண்டாலும் கிண்ணத்தை என் முன்னாலிருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.