கம்பி பிடிக்காமல் நின்றவருக்கு

அண்ணே,

பால் தெளிக்கப் போன அன்று, சாம்பலைக் கிளறியவர் கையில் இரண்டு ஸ்குரூ அகப்பட்டன. "இன்னா சார் இது, வெறகுல இருந்த ஆணியா?" என்று கேட்டார். உங்கள் மகன் விழித்தான். "இல்லப்பா, அவரு குதிகால்ல இருந்தது" என்று நான்தான் வாங்கித் துண்டில் துடைத்தேன். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

விழுப்புரம் திண்டிவனம் வண்டியில் நான் டிரைவர், நீங்கள் கண்டக்டர். ஒரு கையில் டிக்கெட், மறு கையில் சில்லறை. கம்பியைப் பிடிக்க உங்களுக்கு ஏது கை? காலை அகட்டி ஊன்றி, வளைவுக்கு வளைவு சாய்ந்து நிற்பீர்கள். கம்பி பிடிக்கும் கண்டக்டரைப் பார்த்தால், "அவன் பேசஞ்சருய்யா" என்று கேலி செய்வீர்கள். அந்த இடது பாதம்தான் வருஷக்கணக்கில் தட்டையாகிக்கொண்டே வந்து, கணுக்கால் உள்பக்கம் சரிந்து, கடைசியில் ஷூ போட முடியாமல் போனது. ஆபீசில் உட்காரும் வேலை தருகிறோம் என்றார்கள். நீங்கள் முறைத்துக்கொண்டு வெளியே வந்தீர்கள்.

"நின்னுக்கினே ரிடையர் ஆவணும்டா. அதுக்குத்தான் காலை அறுத்துக்கப் போறேன்."

குதிகால் எலும்பை அறுத்து, உள்பக்கம் நகர்த்தி, இரண்டு ஸ்குரூ போட்டு முடுக்கினார்கள். நைந்துபோன தசைநாருக்குப் பதிலாக, விரலுக்குப் போகும் ஒன்றை எடுத்துக் கட்டினார்கள். மாவுக்கட்டு பிரித்த பிறகு பார்க்க வந்தேன். பாதத்துக்கு அடியில் விரலை விட்டுக் காட்டி, "பாத்தியா, பாலம் கட்டிட்டாங்க" என்று சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தீர்கள்.

பல மாதம் கழித்து டூட்டிக்கு வந்தீர்கள். கூட்டேரிப்பட்டில் ஒரு பிரேக் அடித்தேன். கீரைக் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா மேல் போய் விழுந்தீர்கள். வண்டியே சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை. கால் நேராகியிருந்தது, வண்டியின் ஆட்டம்தான் அதற்கு மறந்து போயிருந்தது. அன்றிலிருந்து நான் வண்டியை உருட்டிக்கொண்டு போனேன். இரண்டாம் நாளே கண்டுபிடித்து என் சீட்டுக்குப் பின்னால் வந்து நின்றீர்கள்.

"இன்னாடா, மாப்பிள்ளை ஊர்வலமா போற? எனக்கோசரம் ஓட்டாத. நான் உழுந்து எழுந்து கத்துக்கறேன்."

கற்றும் கொண்டீர்கள். பழையபடி கையை விட்டே நின்றீர்கள். ஆனால் ரிடையர் ஆகும் முன்பே நெஞ்சுவலி உங்களைப் படுக்க வைத்துவிட்டது. அது என்ன நியாயம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

விழுப்புரம் ஆஸ்பத்திரியிலிருந்து, நாம் தினமும் போன அதே ரோட்டில்தான் உங்களை அமரர் ஊர்தியில் திண்டிவனத்துக்குக் கொண்டுபோனோம். விக்கிரவாண்டி தாண்டியதும், ஓட்டியவர் வேகத்தடையில் வேகம் குறைக்காமல் ஏற்றிவிட்டார். உங்கள் கால்கள் குலுங்கின.

"மெதுவா போப்பா, ஆபரேஷன் பண்ண காலு!" என்று கத்திவிட்டேன்.

உங்கள் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அவர் அதன் பிறகு மெதுவாகத்தான் ஓட்டினார்.

மறுவாரம் டூட்டிக்கு வந்தேன். பின்னால் புதுக் கண்டக்டர். பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் நீங்கள் நிற்பதாகவே என் கால் நினைத்துக்கொள்கிறது. வண்டி லேட்டு என்று பேசஞ்சர்கள் திட்டுகிறார்கள்.

திட்டட்டும் அண்ணே.