கர்ச்சீப் போட்டவள்

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இன்று ஏறி உட்கார்ந்ததுதான் தாமதம், ஜன்னல் வழியாக ஒரு கர்ச்சீப் வந்து என் மடியில் விழுந்தது. "இடம் போட்டேங்க, ஆளு இருக்கறது தெரியல" என்று வெளியே நின்ற அம்மாள் சிரித்தார். அதை எடுத்துப் பக்கத்து சீட்டில் வைத்தேன். வைத்த கையோடு உன் மேல் கோபம் வந்தது. நீ செத்துப் போய் ஒரு வருடம் ஆகிறது, இன்னும் வருகிறது.

அரியலூரில் கல்யாணப் பத்திரிகை அச்சகத்தில் இருவரும் ஒன்றாகத்தான் வேலை பார்த்தோம். சாயங்காலம் செந்துறை பஸ்ஸுக்கு ஒன்றாகத்தான் ஓடினோம். ஜன்னலில் கர்ச்சீப் போட்டு இடம் பிடித்ததும் இருவரும்தான். அதற்குள் ஒரு ஆட்டம் இருப்பது உன் கண்ணுக்கு மட்டும் தெரிந்தது. எனக்கு ஏன் தெரியவில்லை? இதை நினைத்தால் இன்றும் பொறுக்கவில்லை.

மிஞ்சிய அட்டைகளில், தாயம் போலக் காய் வைத்து ஆடும் ஆட்டம் ஒன்று செய்யலாம் என்று முதலில் சொன்னவள் நான். கொள்ளிடம், கோட்டை, யானைப்படை என்று மாதக்கணக்கில் வரைந்தேன். தங்க மை கூடப் பூசினேன். விதிகளே நாலு பக்கம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரையும் ஆட வைத்தேன். "படம் அழகா இருக்குக்கா" என்றார்கள். தன் முறை வருவதற்குள் பைண்டிங் செய்கிறவர் தூங்கியே விட்டார்.

மறுநாள் நீ, தப்பாக அச்சான ஒரு பத்திரிகையின் பின்பக்கம் பேனாவால் கட்டம் போட்டுக்கொண்டு வந்தாய். கட்டங்கள் பஸ் சீட்டுகள், சட்டைப் பொத்தான்கள் ஆட்கள். தூரத்திலிருந்தே துணித்துண்டு போட்டு சீட்டுப் பிடிக்கலாம். அடுத்த முறைக்குள் ஆள் போய்ச் சேராவிட்டால், மற்றவர் அந்தத் துணியைத் தூக்கிப் போட்டுவிட்டு உட்காரலாம். அவ்வளவுதான் விதி.

"நான் போட்டுருக்கன்ல?"

"துணிதான் இருக்கு, ஆளு எங்க?"

நிஜ பஸ்ஸில் நடப்பது போலவே சண்டை. முடிந்ததும் "இன்னொருவாட்டி போடு" என்று கத்தினார்கள். என் ஆட்டத்துக்கு யாராவது அப்படிச் சொல்ல மாட்டார்களா என்று நான் ஏங்கியது உனக்குத் தெரியும். "மொதல்ல கிறுக்கி ஆடிப் பாருடி, படம் பொறவு வரையலாம்" என்றாய். நல்லதாகத்தான் சொன்னாய். அதுவும் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

போன வாரம் உன் வீட்டில், உன் மகளோடும் வீட்டுக்காரரோடும் என் புது ஆட்டத்தை ஆடினேன். கல்யாணப் பந்தி. வாளியோடு வரிசைக்குள் நுழைந்தவர் கடைசி இலை வரை போய்த்தான் திரும்ப முடியும். நடுவில் யார் கூப்பிட்டாலும் பின்னால் வர முடியாது. வெறும் பேனாக் கிறுக்கல்தான். "ஐயோ, எனக்கு ரசமே வரல!" என்று உன் மகள் துள்ளினாள். பிறகு கேட்டாள், "இது அம்மா செஞ்சதா சித்தி?"

"இல்லடி, நான் செஞ்சது." கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

"அப்ப இன்னொருவாட்டி போடுங்க சித்தி."

கேட்டதும் உன் முகத்தைத்தான் தேடினேன், கொஞ்சமாவது வயிறு எரிகிறதா என்று பார்க்க. நான் இத்தனை காலம் பட்டதை ஒரே ஒரு நாள் நீயும் பட்டிருக்க வேண்டாமா? அதற்கு இராமல் போய்விட்டாய். என் பொறாமையை வைத்துக்கொண்டு நான் மட்டும் மறுபடி காய் அடுக்கினேன்.