செல்விக்கு மேஸ்திரி கொடுத்த வாக்கு

ஆடி 3, வெள்ளி

காலையிலிருந்து காற்று. தளத்துக்கு நான் அடித்த சென்ட்ரிங் பலகைகூடப் பறக்கப் பார்த்தது.

தங்கச்சி மகள் செல்வி கொத்தனார் ஆவாள் என்று நான் அப்போதே சொன்னேன். அவள் பால் குடிக்கும்போதே. பத்து வருடமாகச் சித்தாள், கலவை சுமந்தவள். இன்று கவரப்பேட்டையில் எங்கள் சங்கம் நடத்திய கொத்தனார் பயிற்சியில் தேறிவிட்டாள். அவள் சுவருக்குத் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்த இன்ஜினியர் அசந்துபோய்க் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். (நான் போகவில்லை. துடைத்திருப்பார்.)

எங்கள் மேஸ்திரி முனுசாமியிடம் போன வாரமே டீக்கடையில் பேசி முடித்தது யார்? நான். "உன் தங்கச்சி பொண்ணா? இட்டுக்கினு வா. கொத்தனார் கூலியே தரேன்." தோளில் கைகூடப் போட்டார். அதை நம்பித்தான் செல்வி சோழவரத்து வேலையை விட்டாள்.

ஆடி 5, ஞாயிறு

சலூன். மீசைக்கு மை. வாங்க வேண்டியது: கொசுவத்தி, செருப்பு வார்.

செல்வி கோழிக்குழம்போடு வந்தாள். சங்கம் கொடுத்த புதுக் கொத்துக்கரண்டியைக் காட்டினாள். "நீ இல்லன்னா இன்னும் கலவைச் சட்டிதான் தூக்கினு இருப்பேன் மாமா."

குழம்பை ஒரு வாய் வைத்தேன். உப்பு அதிகம் என்றேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

ஆடி 6, திங்கள்

தேர்வாய் கண்டிகை சைட். மேஸ்திரி செல்வி கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார். "இன்னாமா இது? போய் சட்டிய எடு."

"மாமாகிட்ட சொன்னீங்களே மேஸ்திரி."

"நான் இன்னா சொன்னேன்?"

நான் மேலே ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். ஆணி எப்போதோ இறங்கிவிட்டது. அடித்துக்கொண்டே இருந்தேன். அவள் சாயங்காலம் வரை கலவை சுமந்தாள்.

ஆடி 7, செவ்வாய்

சங்கத்துத் தேவகி அக்கா சைட்டுக்கே வந்துவிட்டார். பயிற்சி கொடுத்ததோடு விட மாட்டார்களாம். "வாக்கு குடுத்துட்டு மாத்துறீங்களே மேஸ்திரி, நாயமா?"

அப்படிச் சொல்லவே இல்லை என்று மேஸ்திரி பிள்ளைகள்மேல் சத்தியம் செய்தார். பின்னாலிருந்து ஒருத்தன், "வாக்கு குடுத்தப்போ புள்ளைங்க நெனப்பு வர்லியா?" எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரி முகம் கறுத்துவிட்டது.

அக்கா என்னிடம், "நீங்க சொல்லுங்கண்ணே. சொன்னாரா, இல்லியா?"

செல்வியும் பார்த்தாள்.

"சொன்னாரு" என்றேன்.

மேஸ்திரி கழிவறைச் சுவரைக் காட்டி, "கட்டு" என்றார் அவளிடம். மதியம் என்னோடு சாப்பிட உட்காரவில்லை. இத்தனை வருடத்தில் முதல் தடவை.

சுவர் நேராக நிற்கிறது. எல்லோரும் தடவிப் பார்த்தார்கள். நான் போகவில்லை.

ஆடி 8, புதன்

தூறல். வேலைக்குப் போகவில்லை. வயிற்றுவலி என்று சொல்லி அனுப்பினேன்.

அன்றைக்கு டீக்கடைக்குப் போனது நிஜம். மேஸ்திரி டீ வாங்கித் தந்ததும் நிஜம். செல்வி பேச்சை நான் எடுக்கவே இல்லை. சிரித்துவிடுவாரோ என்று.