வால்வு கெடவில்லை

நெல்லிவாசல்
12.8.1984

பிள்ளை பெற்றுப் படுத்திருக்கும் என் மகளுக்கு,

அம்மா காரியத்துக்கு நீ வர வேண்டாம் என்று சொன்னவன் நான்தான். பச்சை உடம்போடு மலை ஏறக்கூடாது. அதற்காக என்னைத் திட்டிக்கொள்.

அம்மாவுக்கு இதய வால்வு ஒழுகியது என்றால் ஆபரேஷன் செய்து மாற்றியிருக்கலாமே என்று எழுதியிருக்கிறாய். நானும் அதைத்தான் டாக்டரிடம் கேட்டேன்.

"வால்வு கெடலைங்க. இதயம் பலம் கொறைஞ்சு பெருத்துப்போச்சு. நிலை விரிஞ்சா ரெண்டு கதவும் சேருமா? அந்த மாதிரிதான்," என்றார். சேராத இடுக்கு வழியே ரத்தம் திரும்பிப் போய் நுரையீரலில் தேங்குமாம். எப்போதோ வந்த காய்ச்சல் இதயத்தைத் தாக்கியிருக்கலாம் என்றார்.

நர்ஸ் முதுகுக்குத் தலையணை அடுக்கி அம்மாவை உட்கார வைத்தாள். இரைப்பு கொஞ்சம் தணிந்தது. "படுத்தா மூச்சு முட்டுதுன்னு வூட்ல சொன்னாங்களா?" என்று டாக்டர் கேட்டார். தெரியாதுங்க என்றேன்.

சொன்னாள். "மாமா, என்னெ உக்கார வெச்சுத் தூக்குங்க" என்று மலையடியில் இருக்கும் ஆலங்காயம் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள். நோயாளி அசையக்கூடாது என்று நான்தான் அவளை டோலியில் மல்லாக்கப் படுக்க வைத்துக் கயிற்றால் கட்டினேன். "கம்முனு படு" என்று அதட்டினேன்.

மூன்றாம் நாள் உயிர் போனதும் அதே டோலியில்தான் மலைக்குக் கொண்டுவந்தோம். படுக்க வைத்துத்தான் தூக்கினோம். வழியெல்லாம் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

உன் அப்பா