கூரை இனி உங்களோடது

ஜனவரி 9, வியாழன்

வீட்டை விற்கிற கிழவர், மிஸ்டர் பார்க்கின், நான் சொன்ன விலைக்கு ஒத்துக்கொண்டுவிட்டார். நான் வேலை செய்யும் பள்ளிச் சமையலறையில் எல்லோரும் கை கொடுத்தார்கள். அக்கா ஹெதர் போனிலேயே கத்தினாள்: "லோர்னா, வீட்டுக்காரி ஆயிட்ட!"

வக்கீல் மிஸ் ஃபெல் மட்டும் வாழ்த்தவில்லை. "இன்னும் ஒண்ணும் ஆகலைங்க. அவர் நாளைக்கே வேற ஆளுக்குக் கொடுக்கலாம். நீங்களும் வேண்டாம்னு போயிடலாம். யாரும் யாரையும் கேட்க முடியாது."

நாற்பத்தாறு வயதுவரை வாடகை வீடு. இதை எழுதும்போதும் கீழ்க்கடையில் மீன் வறுக்கிற எண்ணெய் வாடை மேலேறி வருகிறது.

ஜனவரி 18, சனி

ஜன்னல்களை அளக்கப் போனேன். கிழவர் பார்க்கின், அறை அறையாகப் பின்னாலேயே வந்தார். கதவைத் தொட்டால், "மெதுவா." அலமாரியைத் திறந்தால், "அது இன்னும் என்னோடதும்மா." ஒரு டீ கூடத் தரவில்லை. வேல்ஸில் மகளோடு இருக்கப் போகிறாராம். ஆசைப்பட்டுப் போகிறவர் மாதிரித் தெரியவில்லை.

மனம் மாறிவிட்டால்? அவரைத் தடுக்க ஒன்றும் இல்லையே.

ஜனவரி 27, திங்கள்

வீட்டைச் சோதித்தவரின் அறிக்கை வந்தது. பின்பக்கப் புகைபோக்கி கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, சில வருடங்களில் கவனிக்க வேண்டுமாம்.

ஹெதர்: "விட்டுத் தொலை. அந்தாளு மூஞ்சியே சரியில்ல, வீடு எப்படி இருக்கும்?"

காலையில் வாங்கலாம் என்று எழுகிறேன். மத்தியானம் வேண்டாம். ராத்திரி மறுபடி வாங்கலாம். இப்படியே எத்தனை நாள்?

பிப்ரவரி 5, புதன்

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று. "இப்ப மாட்டிக்கிட்டேனா?" என்று கேட்டேன்.

மிஸ் ஃபெல் சிரித்தார். "இல்ல. இது என் மேஜைக்குள்ள கிடக்கும். அவர் போட்டது அவரோட வக்கீல்கிட்ட. நாங்க ரெண்டு பேரும் போன்ல பேசி, 'சரி, ஒப்பந்தத்தை மாத்திக்கிட்டோம்'னு சொல்றோம் பாருங்க, அந்த நிமிஷம்தான் கணக்கு."

என் வாழ்க்கையிலேயே பெரிய காரியம். நான் பக்கத்தில் இருக்கக்கூட வேண்டாமாம்.

பிப்ரவரி 11, செவ்வாய்

கஸ்டர்ட் கிண்டிக்கொண்டிருந்தபோது போன். "முடிஞ்சுதுங்க. மார்ச் பதினாலு சாவி. இனி அவர் வித்தே ஆகணும், நீங்க வாங்கியே ஆகணும்." அதே மூச்சில், "இன்னிக்கே வீட்டுக்கு இன்சூரன்ஸ் போட்டுடுங்க."

"சாவியே வரலையே?"

"வராட்டி என்ன? இனி அந்த வீட்டுக்கு எது நடந்தாலும் உங்க தலையிலதான்."

கஸ்டர்ட் அடிபிடித்துவிட்டது. பிள்ளைகள் கண்டுகொள்ளவில்லை.

பஸ்ஸில் உட்கார்ந்தே இன்சூரன்ஸ் போட்டேன், முணுமுணுத்துக்கொண்டே. வேறொருவர் தூங்கும் வீட்டுக்கு நான் பணம் கட்டுகிறேன்.

பிப்ரவரி 27, வியாழன்

நேற்றிலிருந்து பேய்க்காற்று. காலையில் பார்க்கினின் போன்.

"உங்க கூரை விழுந்திருச்சு."

"என் கூரையா?"

"புகைபோக்கி சாஞ்சு, ஓடுங்களை உடைச்சுக்கிட்டு பின்னறைக்குள்ள வந்திருச்சு."

"ஐயோ, உங்களுக்கு அடி—"

"எனக்கென்ன, நான் முன்னறையில கிடந்தேன். வக்கீலைக் கேட்டேன். கூரை இனி உங்களோடதுன்னாரு. சொல்லிட்டேன்." வைத்துவிட்டார்.

உடனே வக்கீலுக்குப் போன் போட்டேன். மிஸ் ஃபெல்லிடம் கேட்டேன் — இப்ப வெளிய வர முடியாதா? வரலாமாம். கட்டின முன்பணம் போய்விடும். அதற்குமேல் கிழவர் நஷ்டம் என்று வழக்குப் போட்டால் அதுவும் என் பாடு. அந்த முன்பணம் முழுக்க அம்மா விட்டுப்போனது. "போனா போகுது, ஓடிடு" என்கிறாள் ஹெதர். ஈஸியா சொல்றா! அவளுக்கு வீடு இருக்கு.

வேலை முடிந்து நேரே அங்கே போனேன். மழையில் ஏணிமேல் நிற்கிறார் மனுஷன், எழுபத்தெட்டு வயதில், கையில் தார்ப்பாய்!

"இறங்குங்க! கூரை என்னோடதுன்னீங்களே?"

"உங்களோடதுதான். ஆனா இன்னும் ரெண்டு வாரம் நான்ல இதுக்குக் கீழ தூங்கணும்? அந்த முனையைப் புடிங்கம்மா."

பிடித்தேன். துணி காயப்போடும் கம்பத்தில் கயிற்றைக் கட்டி இறுக்குவதற்குள் இரண்டு பேரும் தொப்பல். உள்ளே வந்ததும் டீ போட்டுக் கொடுத்தார். பின்னறையிலிருந்து அவர் முதலில் நகர்த்தியது செத்துப்போன மனைவியின் தையல் மெஷினை. அவருடைய கோட்டும் நல்ல செருப்பும் செங்கல்லுக்கு அடியிலேயே கிடந்தன.

பிப்ரவரி 28, வெள்ளி

ஓடப் போவதில்லை. நேற்றிரவு நன்றாகத் தூங்கினேன் — இது எப்படி? வாங்கலாமா வேண்டாமா என்று இனி யோசிக்க ஒன்றும் இல்லை. கூரையைத்தான் பார்க்க வேண்டும்.

மார்ச் 4, செவ்வாய்

இன்சூரன்ஸ்காரர் வந்து பார்த்தார். "இது பழைய சாய்வு, காத்தால விழுந்ததுன்னு சொல்ல முடியாது" என்று இழுத்தார். நான் வாயைத் திறக்குமுன் பார்க்கின் முந்திக்கொண்டார்.

"நாப்பது வருஷமா நிக்குது தம்பி. இந்தக் காத்து அடிக்காம இருந்தா இன்னும் நிக்கும். இவங்க வீடு இது. இவங்களை ஏமாத்தலாம்னு நினைக்காதீங்க."

இவங்க வீடு! அலமாரியைத் திறக்க விடாத மனுஷன்!

மார்ச் 10, திங்கள்

இன்சூரன்ஸ் ஒத்துக்கொண்டது. கடன் தரும் வங்கியும் சரி என்றுவிட்டது.

மார்ச் 14, வெள்ளி

சாவி வாங்கினேன். நான் போவதற்குள் பார்க்கினை ஏற்றிக்கொண்டு அவர் மகளின் கார் கிளம்பிவிட்டது. தார்ப்பாய்க் கயிறு புதிதாக இறுக்கப்பட்டிருந்தது.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஓடு வேய்ந்து முடித்து நான்கு நாள். இன்று முதல் மழை. பின்னறையில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பார்க்கின்.

"மழையாமே அங்க? டிவியில சொன்னான்."

"ஆமா, நல்ல மழை."

"உள்ளயா, வெளியவா?"

"வெளிய மட்டும்தான்."

"சரிம்மா," என்றார். வைத்துவிட்டார்.