சுண்ணாம்புக்கு அடியில் ஒரு எண்

திண்டுக்கல்
20.1.2004

பாசமுள்ள சிவனம்மா அக்காவுக்கு,

எதிர்வீட்டு சகாயராணி எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் ஜோஸ்பினும் நன்றாக இருக்கிறோம். திருப்பூர்த் தண்ணீர் உங்களுக்கு ஒத்துக்கொண்டதா? உங்கள் மகன் பழனிக்குமார் கம்பெனிக்குக் கிளம்பிய பிறகு பகலெல்லாம் யாரோடு பேசிக்கொண்டிருப்பீர்கள் என்று ஜோஸ்பின் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பொங்கலுக்கு உங்கள் வாசலிலும் அவள்தான் கோலம் போட்டாள்.

முதலில் நல்ல செய்தி. உங்கள் ரேஷன் கார்டு திரும்பக் கிடைத்துவிட்டது! நேற்று குறைதீர்க்கும் நாளுக்குத் தெருப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து போனோம். புஷ்பமேரி டீச்சர் மனு எழுதித் தந்தார். பெரிய அதிகாரி அதை ஓரமாக வைத்துவிட்டு, "என்ன நடந்துச்சு, நீயே சொல்லும்மா" என்றார். உங்களை நினைத்துக்கொண்டேன். பேச்சு வந்துவிட்டது.

முதலிலிருந்து சொன்னேன். சர்வே என்று வந்து ஒவ்வொரு வீட்டு முன்சுவரிலும் ரேஷன் கார்டு எண், இருப்பவர்களின் பெயர், ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று நீல பெயிண்டில் எழுதிவிட்டுப் போனார்கள். சர்க்கார் எழுத்தாயிற்றே என்று நாமும் பெருமையாகத்தான் இருந்தோம். பெயிண்டருக்குக் காபி கொடுத்ததும், காயும் வரை ஆடு வந்து உரசாமல் விரட்டியதும் யார்? நாம்தான். என் வீட்டில் "தலைவி சகாயராணி, மகள் ஜோஸ்பின், ஆண் இல்லை" என்று எழுதினார்கள். ஜோஸ்பின் அப்பா இறந்ததை நான்கூட இப்படி ஊருக்கே தெரியும்படி எழுதி வைத்ததில்லை.

நான் மில்லுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் அந்த முகம் தெரியாத ஆள் வந்ததைச் சொன்னேன். ஜோஸ்பினைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கார்டு எண்ணைக் கடகடவென்று ஒப்பித்து, முத்திரை குத்த வேண்டும், கார்டை எடுத்துக்கொண்டு வந்து கதவைத் திற என்றிருக்கிறான். எண்ணையே சொல்கிறாரே, ஆபீஸ் ஆள்தான் போல என்று பிள்ளை தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டாள். நீங்கள் மட்டும் அந்த நேரம் முறத்தோடு வாசலுக்கு வராமல் இருந்திருந்தால்! "ஏலே, யாரது? செத்த நேரம் அங்கனயே நில்லு, வாரேன்" என்று நீங்கள் போட்ட சத்தத்தில் அவன் போன திசை தெரியவில்லை.

நான் வந்தபோது நீங்கள் என் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். "அவன் வாயில வந்தது அம்புட்டும் உன் செவுத்துலதேன் இருக்கு ராணி" என்றீர்கள்.

சாயங்காலமே சுண்ணாம்பு கரைத்து என் சுவரை அடித்தீர்கள். அழித்தால் கேஸ் போடுவார்களோ என்று நான் பயந்ததற்கு, "ஒத்தச் செவுரு வெள்ளையா இருந்தாத்தேன் கேப்பாய்ங்க. தெருவே வெள்ளையா இருந்தா கிறிஸ்மஸ்னு நெனச்சுக்கிருவாய்ங்க" என்று சொல்லி உங்கள் சுவரையும் அடித்தீர்கள். மறுநாள் தெரு முழுக்கச் சுண்ணாம்பு வாடை. கிறிஸ்துமஸ் இந்தத் தடவை நம் தெருவுக்கு மட்டும் சீக்கிரமே வந்துவிட்டது.

யார் ஆரம்பித்தது என்று ரேஷன் இன்ஸ்பெக்டர் வந்து குதித்தபோது, "நாந்தேன்" என்று நீங்கள் முன்னால் போய் நின்றதையும் சொன்னேன். உனக்கேது கிறிஸ்துமஸ் என்று அவர் கேட்டதற்கு, "தெருவே கொண்டாடுது, என் செவுரு மட்டும் அழுக்கா நிக்கணுமா?" என்றீர்களே, அதைக் கேட்டுப் பெரிய அதிகாரி சிரித்துவிட்டார். அந்தப் பதிலுக்காகவே விசாரணை என்று இன்ஸ்பெக்டர் உங்கள் கார்டைப் பிடுங்கிப் போனார் என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது.

கடைசியாக, சுவரில் எழுதச் சொன்ன உத்தரவைக் காட்டுங்கள் ஐயா என்றேன். இன்ஸ்பெக்டர் பையைத் துழாவினார். பிறகு, மேலே சொன்னார்கள் என்றார். மேலே இருப்பவரோ பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நான் சொல்லவே இல்லையே என்றார். காகிதமே கிடையாது அக்கா! இனி எந்தச் சுவரிலும் எழுதக் கூடாது, கார்டை இப்போதே கொடு என்று உத்தரவாகிவிட்டது.

கார்டு என் பீரோவில், கல்யாணச் சேலைக்குள் இருக்கிறது. அதன் எண்ணை இந்தக் கடிதத்தில்கூட நான் எழுதவில்லை. தபாலில் அனுப்பச் சொல்லாதீர்கள், அனுப்ப மாட்டேன். நீங்களே வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

மகனைப் பார்த்துவிட்டு நாலு நாளில் வந்துவிடுகிறேன் என்று சிரித்துக்கொண்டுதான் போனீர்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்ற உங்கள் வீட்டைத் திறந்தபோதுதான் அரிசிப் பானை கழுவிக் கவிழ்த்திருந்ததைப் பார்த்தேன். கார்டு இல்லாமல் ரேஷன் அரிசி கிடைக்கவில்லை என்று எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? என் வீட்டில் பொங்குகிற சோறு உங்களுக்கும் சேர்த்துத்தானே!

நீங்கள் செய்ததற்கு நன்றி என்று எழுதினால் அந்நியமாக இருக்கிறது. எழுதாமலும் இருக்க முடியவில்லை. என் பிள்ளையை எனக்குக் காப்பாற்றித் தந்தீர்கள். பூசையில் தினமும் உங்கள் பெயரைச் சொல்லித்தான் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். சாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.

இப்போதெல்லாம் யார் வந்து கூப்பிட்டாலும் ஜோஸ்பின் முதலில் எதிர்வீட்டைத்தான் பார்க்கிறாள், அதற்குப் பிறகுதான் தாழ்ப்பாளுக்கே போகிறாள். உங்கள் வாசலில் பூட்டுத் தொங்குகிறது. வந்துவிடுங்கள் அக்கா.

உங்கள் எதிர்வீட்டுத் தங்கை,
சகாயராணி