உன் படத்தை ஓரத்துக்கு மாற்றினேன், முத்து

என் ராசா முத்து,

உன் வலைப்பதிவின் முகப்பை மாற்றிவிட்டேன். நீ பார்த்துப் பார்த்து வைத்த நீல நிறம் போய்விட்டது. எத்தனை பேர் வந்து போனார்கள் என்று கீழே ஓடிக்கொண்டிருந்த எண்ணும் போய்விட்டது. சாலைத் தெருப் பாத்திரக்கடையில் பில் போடுவதைத் தவிர கம்ப்யூட்டரில் வேறெதுவும் தெரியாத உன் அக்காதான் இதைச் செய்தாள். நம்புவாயா?

யாரைக் கேட்டுத் தொட்டாய் என்பாய். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். இதை உன் பக்கத்திலேயே போடப்போகிறேன். உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால், உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திரும்பச் சொல்கிறேன். பொறுத்துக்கொள்.

இந்த மலையாள ஊரில், பழவங்காடியில் ஓர் அச்சகத்தில் கல்யாணக் கார்டும் கோயில் நோட்டீசும் டைப் செய்துகொண்டிருந்தாய். கழுத்தில் கட்டி வந்து ஆஸ்பத்திரிக்கு நடக்க ஆரம்பித்தபோது, உன் வலியை விட அங்கே நின்ற வரிசைதான் உன்னை அதிகம் படுத்தியது. தென்காசியிலிருந்தும் வள்ளியூரிலிருந்தும் துணிப்பையோடு வந்தவர்கள் மலையாளப் போர்டைப் பார்த்து விழித்துக்கொண்டு நிற்பார்கள். நீ கழுத்துக் கட்டோடு எழுந்து போய் வழிகாட்டுவாய். "ஏல, நீ இங்க வைத்தியம் பாக்க வந்தியா, வாட்ச்மேன் வேலைக்கு வந்தியா?" என்று நான் கேட்டால் சிரிப்பாய்.

பிறகு வீட்டில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாய். தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் எந்த பஸ், எந்த வாசல், சீட்டு எங்கே எழுதுவார்கள், எந்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வர வேண்டும், கூட வந்தவர்கள் எங்கே தங்கலாம், கஞ்சி எங்கே கிடைக்கும். எல்லாம் நம் தமிழில். "முதல் நாள் பயப்படாதீர்கள். முதல் நாள் முழுக்க நிற்கிற வேலைதான்" என்று எழுதியிருந்தாய். ஆஸ்பத்திரிப் படுக்கையில் என்னிடம் பாஸ்வேர்டைச் சொன்னபோதும் வேறொன்றும் கேட்கவில்லை நீ. "இத மட்டும் மூடிராத அக்கா" என்றாய்.

நான் மூடவில்லை. ஆனால் மூடியது போலத்தான் ஆகிவிட்டது.

நீ போன பிறகு, அச்சகத்தில் உன் பக்கத்து நாற்காலியில் இருந்த அனிலைக் கூப்பிட்டு, உன் படத்தோடு நான்கு வரி போடச் சொன்னேன். நீ காலமான செய்தி. அதை அவன் பெரிய எழுத்தில் போட்டான். எங்கெங்கிருந்தோ ஆறுதல் வந்தது. அம்மாவுக்கு அந்தப் படம் போதுமாக இருந்தது. நான் கடைக்குக் கிளம்பும் முன் தினமும் கம்ப்யூட்டரைப் போட்டுத் தர வேண்டும். எழுதியிருப்பதை அவளால் படிக்க முடியாது. உன் முகத்தைப் பார்த்துவிட்டு, "அந்தச் சட்டை அவனுக்கு எடுப்பா இருக்கு" என்பாள். பிறகு எழுந்து போய் அடுப்பைப் பற்றவைப்பாள்.

ஒருநாள் நான் கடையில் இருந்தபோது உன் செல்போன் அடித்தது. அதை நான் இன்னும் சார்ஜ் போட்டுத்தான் வைத்திருக்கிறேன். உன் பக்கத்தில் இருந்த நம்பரைப் பார்த்துச் செங்கோட்டையிலிருந்து ஒரு பெண், செல்வி என்று பெயர். அவள் கணவருக்கும் கழுத்தில்தான் கட்டி. உன் பக்கத்தைப் பற்றி யாரோ சொல்ல, அவள் மகள் பிரவுசிங் சென்டருக்கு அப்பாவைக் கூட்டிப்போய்த் திறந்து காட்டியிருக்கிறாள்.

"தொறந்ததும் அண்ணன் படமும் செத்த சேதியும்தான் இருந்துச்சுக்கா," என்றாள் செல்வி. "எங்க வீட்டுக்காரவ அதுக்கு மேல பாக்கல. வழி சொன்னவனே போயிட்டான், நான் அங்க போய் என்னத்துக்குன்னு வந்து படுத்துட்டாவ. டாக்டர் சீட்டு எழுதிக் குடுத்தும் வர மாட்டேங்காவ."

"பொறும்மா, நான் திரும்பக் கூப்பிடுதேன்" என்று மட்டும் சொன்னேன். நீ இருந்திருந்தால் அந்த மனிதரிடம் என்ன பேசியிருப்பாய்?

வீட்டுக்கு வந்து முதல்முறையாக ஒரு நோயாளியின் கண்ணால் உன் பக்கத்தைப் பார்த்தேன். மேலே உன் சாவு. அதற்குக் கீழே நீ கடைசியாகப் பாதியில் விட்ட இரண்டு பதிவுகள். முதல் நாள் வருகிறவர்களுக்கு நீ எழுதியது எங்கோ பழைய மாதங்களுக்குள் கிடந்தது. தேடத் தெரிந்தவருக்குத்தான் கிடைக்கும். வலதுபக்க ஓரத்தில், சைடுபார் என்பாயே, அங்கே மாதங்களின் பெயர்களும் ஓடுகிற எண்ணும் மட்டும். தேவையான எதுவும் கைக்கெட்டுகிற இடத்தில் இல்லை.

அச்சகத்துக்குப் போய் அனிலிடம் சொன்னேன். "அந்த ஓரம் மாத்தணும்னா கோடிங் வேணும் சேச்சி. எனிக்குக் கல்யாண கார்டு அறியும். இது அறிஞ்சூடா," தெரியாது என்று கையை விரித்தான். பிறகு தயங்கித் தயங்கி, "அந்த மரண வார்த்தை டிலீட் செய்தா போதுமல்லோ?" என்றான்.

அது வேண்டாம் என்றேன். நீ உயிரோடு இருப்பதாக நினைத்து வருகிறவர்களை நான் ஏமாற்ற முடியாது. இன்னொரு யோசனையும் சொன்னான், உன் பழைய பதிவின் தேதியை இன்றைய தேதியாக்கினால் அது தானாக மேலே வந்துவிடுமாம். நீ போன பிறகு நீ எழுதியதாகவா? அதுவும் மனசுக்கு ஒப்பவில்லை.

கடைக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமை, காலையிலேயே நான் தனியாக உட்கார்ந்தேன். எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி ஆங்கிலத்தைப் படித்தேன். டெம்ப்ளேட் என்ற இடத்தில் புதிய முறைக்கு மாறலாம், கோடிங் தெரியாமலே மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு பட்டன் இருந்தது. கூடவே எச்சரிக்கை: இதுவரை செய்த மாற்றங்கள் அழிந்துபோகும். அனிலுக்குப் போன் செய்து அதை வாசித்துக் காட்டினேன். "எழுதினது ஒண்ணும் போகத்தில்ல சேச்சி. மேக்கப் மாத்ரம் போகும்," என்றான்.

அந்த மேக்கப்பும் நீ செய்ததுதானே? விரலை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. செங்கோட்டையில் படுத்துக் கிடக்கிறவரை நினைத்துக்கொண்டு அழுத்தினேன்.

நீலம் போயிற்று. வெள்ளைச் சுவர் போல ஒரு பக்கம் வந்து நின்றது. கொஞ்சம் அழுதேன். அப்புறம் பார்த்தால், பக்கம் முழுவதும் கட்டம் கட்டமாகப் பிரித்துக் காட்டியிருந்தது. நடுவில் அகலமாக ஒன்று, வலதுபக்கம் ஒடுக்கமாகச் சில. மவுஸால் ஒரு கட்டத்தைப் பிடித்து இழுத்தால் அது கூடவே வருகிறது, விட்ட இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது! கடையில் குக்கரை முன்தட்டுக்கும் அண்டாவைப் பின்தட்டுக்கும் மாற்றுகிற வேலைதான். முதலில் மாதங்களின் கட்டம் மேலே போய் ஒட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றது. சேமிக்காமல் மூடி, எல்லாவற்றையும் மறுபடி செய்தேன்.

எனக்குத் தமிழ் டைப் தெரியாது இல்லையா? அதனால் ஓரத்தில் வைத்த தலைப்பு ஒவ்வொன்றையும் உன் பதிவுகளிலிருந்தே எடுத்து ஒட்டினேன். 'முதல் நாள் வருகிறவர்களுக்கு'. 'எந்த பஸ், எந்த வாசல்'. 'கூட வந்தவர் சாப்பிட'. தொட்டால் அந்தந்தப் பதிவு திறக்கும். அப்படித் தேடும்போதுதான் பழைய பின்னூட்டங்கள் கண்ணில் பட்டன. வள்ளியூர்க்காரர் ஒருவர் எழுதியிருந்தார்: "எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டேன் தம்பி. இப்போது சைக்கிள் மிதிக்கிறேன்." நாகர்கோவில் அம்மா ஒருவர்: "குரல் திரும்பிவிட்டது. மருமகளைத் திட்ட முடிகிறது." இப்படி எத்தனை பேர்! உன்னோடு வரிசையில் நின்றவர்கள், வீடு திரும்பியவர்கள். அவர்கள் சொன்னதை எல்லாம் ஒரு தனிக்கட்டத்தில் சேர்த்து, பட்டியலுக்குக் கீழே வைத்தேன். அதற்கும் கீழே உன் படம்.

நடுவில் மேலே வர ஒரு புதிய பதிவு வேண்டும். சாயங்காலம் அனில் வீட்டுக்கு வந்து, நான் சொல்லச் சொல்ல டைப் செய்தான். "இதை எழுதிய என் தம்பி இப்போது இல்லை. அவன் சொன்ன வழி இருக்கிறது. அந்த வழியில் வந்து நலமாகத் திரும்பியவர்களின் பேச்சை வலதுபக்கம் படியுங்கள்." அதன் கீழே என் பெயரைப் போடச் சொன்னேன்.

அம்மாவுக்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. மறுநாள் காலை பார்த்தவள் என் பக்கம் திரும்பி, "ஏட்டி, எம்புள்ளைய ஓரத்துல தள்ளிட்டியே," என்றாள். சத்தம் போடவில்லை. அப்படிக் கேட்டதுதான் தாங்கவில்லை.

"நடுவுல இருந்தா புதுசு வர வரக் கீழ போயிருவான்ம்மா," என்றேன். "ஓரத்துல இருந்தா, எந்தப் பக்கத்தத் தொறந்தாலும் கூடவே இருப்பான்."

அவள் நம்பவில்லை. பஸ் பதிவைத் திறந்து காட்டினேன். கஞ்சிப் பதிவைத் திறந்து காட்டினேன். இன்னும் ஒன்று என்றாள். திறந்தேன். "இதுலயும் இருக்கான்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, திரையை முந்தானையால் துடைத்தாள்.

செல்வியைக் கூப்பிட்டு, மகளை மறுபடி பார்க்கச் சொன்னேன். சில நாள் சத்தமே இல்லை. பிறகு உன் போனில் ஓர் ஆண் குரல், கரகரவென்று. "சைக்கிள் மிதிக்காருன்னு போட்டிருக்கே, அவருக்கு எந்த எடத்துல கட்டி?"

வள்ளியூர்க்காரர் நம்பர் உன் போனிலேயே இருந்தது. அவரிடம் கேட்டுவிட்டு அதைக் கொடுத்தேன். இருவரும் என்ன பேசினார்களோ எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் செல்வியும் கணவரும் வந்தார்கள். அரைநாள் லீவு போட்டு, தம்பானூரில் போய்க் காத்திருந்து கூட்டிப்போனேன். அவருக்கு என்ன ஆகும் என்று டாக்டர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. மருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். அவ்வளவுதான் இன்று தெரியும்.

ஒன்று மட்டும் உனக்குச் சொல்ல வேண்டும். அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, களக்காட்டுப் பக்கமிருந்து வந்த ஒரு வயதானவர் கையில் சீட்டோடு சுற்றிச் சுற்றி வந்தார். நான் எழுவதற்குள் செல்வியின் கணவர் எழுந்துவிட்டார். "ரத்தம் எடுக்கவா அண்ணாச்சி? இப்பதான் நானும் குடுத்துட்டு வாரேன், வாங்க," என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு போனார்.

முத்து, நீ எழுதிய வாசல் ஒன்றை இப்போது அடைத்துவிட்டார்கள். பஸ்ஸும் ஒன்று தடம் மாறியிருக்கிறது. அனிலிடம் தமிழ் டைப் கற்றுக்கொள்ள ஆரம்பித்திருக்கிறேன், 'ழ' மட்டும் இன்னும் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது. உன்னை நம்பி வருகிற ஒருவரும் அடைத்த கதவின் முன் போய் நிற்காதபடி, மாறுகிறதை எல்லாம் நான் மாற்றிக்கொண்டே இருப்பேன். இது நான் உனக்குத் தருகிற வாக்கு.

என்றும் உனக்கு மூத்தவள்,
உன் அக்கா பேச்சியம்மாள்